பெயர் உயர்ந்தது, கூலி உயர்ந்ததா?

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்லும் அன்பர்கள் ராஜகிரியின் உயரம் கண்டு வியப்பர். தேசிங்கு ராஜன் கதையை நினைவுகூர்வர். நவாப் சஆதத்துல்லாஹ் கான் பெயர் தாங்கிய பள்ளிவாசலையும் கண்டு திரும்புவர். 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகவும் அக்கோட்டை சேர்க்கப்பட்டது. ஆயினும் அது புகட்டும் பாடமொன்றைப் பலரும் கவனிப்பதில்லை.

1750இல் புஸ்ஸியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை செஞ்சியைக் கைப்பற்றி, 1761 வரை தன்வசம் வைத்திருந்தது. அக்காலத்தில் ஏறத்தாழ 1,200 ஐரோப்பிய வீரர்களை அவர்கள் அங்கே இழந்தனர் எனப் பழைய ஆங்கிலக் குறிப்புகள் கூறும். அவர்களுக்கு எமனாக வாய்த்தது அவ்விடத்தின் நோயே. மதிலும் அகழியும் பகைவனைத் தடுக்கும், நோயைத் தடுக்கமாட்டா. வாளேந்தியவரைப் போலவே துடைப்பம் ஏந்தியவரும் ஊரின் காவலரே.

அக்காவலருக்கு உலகம் அளித்தது என்ன? முதலில் நல்ல பெயரை அளித்தது. முகலாயப் பேரரசர் அக்பர் துப்புரவு செய்வோருக்கு ‘ஹலால்கோர்’ என்னும் பெயரை வழக்கில் கொண்டுவந்தார் என்று அபுல் ஃபஸ்ல் தம் ‘ஆயினெ அக்பரி’யில் எழுதியுள்ளார். ‘ஹலால்’ அரபுச் சொல். ‘கோர்’ பார்சிச் சொல். ஆகுமானதை உண்பவர் என்பது பொருள். எத்துணைக் கண்ணியமான பெயர்! ஆனால் பெயர் சூட்டப்பட்டவரை ஊர் தீண்டாமலே வைத்திருந்தது.

நம் தமிழகத்திலும் இழிசொல்லால் விளிக்கப்பட்டோர் பின்னர் ‘துப்புரவுப் பணியாளர்’ ஆயினர். 2020இல் ‘தூய்மைப் பணியாளர்’ ஆயினர். ஐந்தாண்டுகள் கழிந்தன. 2025 ஆகஸ்டு முதல் நாள், சென்னை ரிப்பன் மாளிகையின் முன் அவர்கள் அமர்ந்தனர். இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரு மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதே காரணம். மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாயாக இருந்த ஊதியம் 17,000க்கும் கீழே இறங்கிவிடும் என்று அவர்கள் முறையிட்டனர். பணி நிரந்தரம் வேண்டினர். பதின்மூன்றாம் நாள் இரவு, நீதிமன்ற ஆணையைக் காட்டிக் காவல்துறையினர் அவர்களை அகற்றினர். மறுநாள் இலவசக் காலை உணவு முதலிய நலத்திட்டங்களை அரசு அறிவித்தது. அவர்கள் கேட்டதோ வேலை உறுதியும் குறையாத கூலியும்!

கடல் கடந்த அமெரிக்காவிலும் இக்கதை நிகழ்ந்ததுண்டு. 1968 பிப்ரவரியில் மெம்பிஸ் நகரில், மழைக்கு ஒதுங்கிய இரு தொழிலாளர் குப்பை வண்டியின் எந்திரத்தில் நசுங்கி மாண்டனர். ஏறத்தாழ 1,300 கறுப்பினத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். தாமும் மனிதரே என்று எழுதிய அட்டைகளை ஏந்தி வீதியில் நடந்தனர். அவர்களுக்குத் துணைநிற்கச் சென்ற மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4ஆம் நாள் அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16இல் அவர்தம் சங்கம் ஏற்கப்பட்டது, கூலியும் உயர்ந்தது. மனிதர் என்னும் பெயருக்கு அங்கே பொருள் வந்தது, அந்தக் கூலியோடுதான்.

மதீனாப் பள்ளிவாசலைப் பெருக்கி வந்தவர் ஒருவர் மறைந்தார். அதைப் பெரிதாகக் கருதாத தோழர்கள், பெருமானார் (ஸல்) அவர்களிடம் சொல்லாமலே அடக்கிவிட்டனர். அவரைக் காணாது விசாரித்த அண்ணலார், ஏன் தமக்கு அறிவிக்கவில்லை என்று வினவி, கப்ரைக் காட்டச் செய்து, அங்கே நின்று தொழுதார்கள். உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்தவர்களும் அவர்களே.

கண்ணியமும் கூலியும் ஒன்றையொன்று பிரியாதவை. நம் தெருவைப் பெருக்குபவரை மரியாதையாக விளிக்கப் பழகிவிட்டோம். அவருடைய மாத ஊதியம் எவ்வளவு என்று நாம் என்றேனும் கேட்டதுண்டா?