எல்லைமலைக் கோட்டைகள்

கல் பொய் சொல்லாது என்பது உலக வழக்கு. ஆயினும் கல்லின்மேல் மாட்டப்பெறும் பெயர்ப்பலகை பொய் சொல்லக்கூடும். பழைய கோட்டை கொத்தளங்களைக் காணச் செல்வோர் இவ்விரண்டையும் வேறு பிரித்தறிதல் அவசியம். இவ்வுண்மையை நன்கு விளக்கவல்லது பிரான்ஸ் தேசத்தின் தென்கோடியிலுள்ள எல்லைமலைப் பிரதேசமாகும். அங்குள்ள கோட்டைகளின் வரலாற்றை நேயர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

பிரான்ஸையும் ஸ்பெயினையும் பிரித்து நிற்பது பைரனீஸ் மலைத்தொடர். அதற்குச் சற்று வடக்கே, மத்தியதரைக் கடலுக்கு அணித்தாக, கோர்பியேர் என்னும் வறண்ட குன்றுப் பிரதேசம் உளது. திராட்சைத் தோட்டங்களும் முட்செடிகளும் நிறைந்த அப்பள்ளத்தாக்குகளிலிருந்து அண்ணாந்து நோக்கினால், குன்றின் முடி எங்கே முடிகின்றது, கோட்டைச் சுவர் எங்கே தொடங்குகின்றது என்று கண் மயங்கும். பெயர்பெர்த்தூஸ் கோட்டை ஏறக்குறைய 2,600 அடி உயரத்தில், ஒடுங்கி நீண்ட பாறையின் முதுகில் கப்பலைப்போல் அமர்ந்திருக்கின்றது. கீழ்க்கோட்டையில் மரியன்னையின் ஆலயமும் மழைநீரைச் சேர்த்துவைக்கும் தொட்டியும் உள. அங்கிருந்து மேற்கோட்டைக்குச் செல்ல, செங்குத்தான பாறையிலே ஏறக்குறைய 60 படிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அரசன் ஒன்பதாம் லூயியின் பெயரால் அப்படிக்கட்டு வழங்குகின்றது. காற்று வீசும் நாளில் அதில் ஏறுவோர் கையால் பிடித்துக்கொண்டே ஏற வேண்டும்.

அதற்கு எதிரே சில மைல் தூரத்தில், விரல் நீட்டியதுபோன்ற ஒரு பாறையின்மேல் கெரிபூஸ் கோட்டை நிற்கின்றது. அதன் தலைமைக் கோபுரத்தினுள் ஒரே தூண் முழு விதானத்தையும் தாங்கி நிற்கும் அழகிய கூடம் ஒன்றுண்டு. மேல்தளத்தில் நின்று தெற்கே நோக்கினால் ரூசியோன் சமவெளியும், அப்பால் கனிகூ மலைமுடியும் தெரியும். இவ்விரண்டனோடு பூய்லோரன், தெர்ம், அகிலார் என்னும் மூன்றையும் சேர்த்துக் ‘கார்க்கஸோனின் ஐந்து புதல்வர்’ என்பர். வடக்கேயுள்ள கார்க்கஸோன் கோட்டை நகரமே இவற்றிற்குத் தாய்.

இக்கோட்டைகளைக் காண வருவோர்க்கு இவை ‘கதார் கோட்டைகள்’ என்று அறிமுகப்படுத்தப்படுகின்றன. அக்கதார்கள் யாவர்?

12ஆம் நூற்றாண்டில் இந்நாடு பிரெஞ்சு அரசனின் நேரடி ஆட்சியில் இருக்கவில்லை. துலூஸ் பிரபுவும் திரான்காவெல் வமிசத்தாரும் ஆண்டனர். மக்கள் பேசியது பிரெஞ்சுமன்று. ஒக்ஸித்தான் என்னும் தனிமொழி. ‘ஆம்’ என்பதற்கு ‘ஒக்’ என்பது அவர்கள் சொல். லாங்குதோக் என்ற நாட்டின் பெயரே ‘ஒக் மொழி’ என்று பொருள்படும். இந்நாட்டில்தான் கதார்கள் என்று பிறரால் அழைக்கப்பட்டோர் வாழ்ந்தனர். தம்மை அவர்கள் நல்ல கிறிஸ்தவர் என்றே சொல்லிக்கொண்டனர். ஆன்மா நல்ல கடவுளுக்குரியது, உடலும் உலகமும் தீய சக்தியின் படைப்பு என்பது அவர்தம் கொள்கை. உயிர் ஓர் உடலை விட்டு மற்றோர் உடலிற் புகும் என்றும் அவர்கள் நம்பினர் என்பது நம்மவர்க்கு வியப்பளிக்கும். தீட்சை பெற்றோர் புலால், முட்டை, பால் உண்ணார்; சத்தியப் பிரமாணம் செய்யார்; உயிர்க்கொலை புரியார். பெண்களும் அந்நிலை எய்தலாம். ஃபுவா பிரபுவின் உடன்பிறந்தாளாகிய எஸ்கிளார்மோந்த் 1204ஆம் ஆண்டில் தீட்சை பெற்றவள். வேத நூலைத் தாய்மொழியிலே படித்துக் காட்டினர். பூசாரிக்குக் காணிக்கை கொடுத்தே மோட்சம் பெற வேண்டும் என்ற நிலையில் இருந்த மக்களுக்கு இவையெல்லாம் எத்துணைக் கவர்ச்சியாய் இருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இதனைத் திருச்சபை பொறுக்கவில்லை. 1208ஆம் ஆண்டில் போப்பாண்டவரின் தூதர் ஒருவர் கொல்லப்படவே, மூன்றாம் இன்னொசென்ட் போப்பாண்டவர் சிலுவைப் போர் அறிவித்தார். கிறிஸ்தவ நாட்டின்மீதே கிறிஸ்தவப் படை ஏவப்பட்டது. 1209ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் பெஸியே பட்டணம் சூறையாடப்பட்டது. ஏறக்குறைய 20,000 பேர் மடிந்தனர் எனத் தூதர்களே ரோமுக்கு எழுதினர். அத்தொகை மிகையென இக்காலச் சரித்திராசிரியர் கருதுவர். எனினும் அப்பட்டணத்தில் கதார்கள் சிலரே. மாண்டவருட் பெரும்பாலோர் கத்தோலிக்கரே என்பதில் ஐயமில்லை. அடுத்த மாதம் கார்க்கஸோன் வீழ்ந்தது. அதன் இளம் பிரபு அவ்வாண்டிலேயே சிறையில் இறந்தான். அவன் நிலமெல்லாம் வடநாட்டுப் பிரபுவாகிய சீமோன் தெ மோன்போர் கைக்கு வந்தது. மதத்தைக் காக்கப் புறப்பட்ட போர் நிலத்தைக் கவர்வதில் முடிந்தமை ஈண்டுக் கவனிக்கத்தக்கது.

1210ஆம் ஆண்டில் பிராம் என்னும் ஊரில் பிடிபட்ட வீரர் ஏறக்குறைய நூற்றுவரின் கண்களைப் பறித்து, வழிகாட்டுவதற்காக ஒருவனுக்கு மட்டும் ஒரு கண்ணை விட்டு, அவர்களைக் கபரே என்னும் மலைக்கோட்டைக்கு அனுப்பினான் சீமோன் என்று அக்காலத்து வரலாறு கூறுகின்றது. மலைக்கோட்டையை ஆயுதத்தால் மட்டுமன்றி அச்சத்தாலும் வெல்ல நினைத்தனர். 1229ஆம் ஆண்டில் சமாதான உடன்படிக்கை எழுதப்பட்டது. அதே ஆண்டில் துலூஸில் கூடிய குருமார் சபை, ஜெப நூல்கள் சில நீங்கலாக, பொதுமக்கள் வேத நூலை வைத்திருத்தலாகாது என்றும், தாய்மொழி பெயர்ப்பு அறவே கூடாது என்றும் விதித்தது. ஒரு மக்களின் கோட்டையைப் பிடித்தவுடன் அவர்கள் கையிலிருந்த புத்தகத்தையும் பிடுங்கினர். இரண்டாவதே முதலாவதைவிடப் பெரிய வெற்றியென அவர்கள் கருதினர் போலும்.

எஞ்சிய கதார்களுக்குப் புகலிடமாய் நின்றது மோன்செகூர் மலை. உயரம் ஏறக்குறைய 4,000 அடி. 1243ஆம் ஆண்டு மே மாதத்தில் அரச படை அதனை முற்றுகையிட்டது. மலைமீது சண்டையிட வல்லார் ஏறக்குறைய நூறு பேரே. பத்து மாதம் தாக்குப் பிடித்தனர். மலையேறுவதில் தேர்ந்த வீரர் சிலர் இரவில் பாறைமீதேறி ஒரு காவலிடத்தைக் கைப்பற்றிய பின்னரே கோட்டைக்கு முடிவு நெருங்கிற்று. சரணடையும் நிபந்தனையின்படி, கொள்கையைக் கைவிடுவோர் உயிர் பிழைக்கலாம். மாட்டோம் என்போர் நெருப்பில் இறங்க வேண்டும். இடையே இரு வாரம் தவணை தரப்பட்டது. அத்தவணைக்குள், தப்பிச் செல்லக்கூடிய ஏறக்குறைய இருபது பேர், படைவீரர் உட்பட, தாமே முன்வந்து தீட்சை பெற்றனர். மறுநாள் எது காத்திருக்கின்றது என்பதை அறிந்தே பெற்றனர். 1244ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் 200 பேருக்கு மேற்பட்டோர் எரிக்கப்பட்டனர். கோட்டைத் தலைவனின் மனைவியும் மகளும் அவர்களுள் இருந்தனர்.

இனி, பெயர்ப்பலகைக்கு வருவோம். இன்று மோன்செகூர் உச்சியில் நாம் காணும் சுவர்கள் கதார்கள் வாழ்ந்த கோட்டையின் சுவர்கள் அல்ல. அக்கோட்டை அழிந்த பின் புதிய எஜமானர் எழுப்பியவை அவை. கதார்களின் குடியிருப்பில் எஞ்சியவை, மலைச்சரிவிலே அகழ்ந்தெடுக்கப்பட்ட வீட்டு அடித்தளங்களே. பெயர்பெர்த்தூஸும் கெரிபூஸும் அவ்வாறே. முன்னர்ச் சிறு பிரபுக்களின் இருப்பிடமாயிருந்த இடங்களில், வென்ற அரசாங்கம் தன் எல்லையைக் காக்கக் கட்டிய கட்டடங்களே பெரும்பான்மையும். 1255ஆம் ஆண்டில் கெரிபூஸ் பணிந்தது. 1258ஆம் ஆண்டில் ஒன்பதாம் லூயியும் ஆரகோன் அரசன் முதலாம் ஜேம்ஸும் கோர்பேய் உடன்படிக்கையால் எல்லை வகுத்துக்கொண்டனர். அவ்வெல்லைக்குத்தான் ஐந்து புதல்வரும் காவல் நின்றனர். நான்கு நூற்றாண்டு கழித்து, 1659ஆம் ஆண்டில், பைரனீஸ் உடன்படிக்கையால் ரூசியோன் பிரான்ஸைச் சேர்ந்தது. எல்லை மலைமுடிக்கு நகர்ந்தது. இரு அரசர்களின் மந்திரிகள் இட்ட கையெழுத்தால் கோட்டைகள் வேலையற்றுப் போயின. எந்தப் பீரங்கியும் செய்யாததை ஒரு காகிதம் செய்துவிட்டது!

ஆக, வென்றவன் கட்டிய சுவருக்குத் தோற்றவனின் பெயர் இடப்பட்டிருக்கின்றது. 19ஆம் நூற்றாண்டில் நப்போலியோன் பெய்ரா என்னும் போதகர் மோன்செகூரின் துயரத்தை உருக்கமாக எழுதிப் பரப்பினார். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுற்றுலா அப்பெயரை நாடெங்கும் ஒட்டிவிட்டது. இது அன்பினால் நேர்ந்த பிழை, ஆயினும் பிழையே. எரிக்கப்பட்டவர் கோட்டை கட்டிய வல்லாளர் அல்லர். நெசவு நெய்தும் நடந்து திரிந்தும் போதித்தவர். அவர்க்கு நினைவுச்சின்னம் கோட்டையன்று.

அவ்வாறாயின் அவர்களைப்பற்றி நாம் அறிவது எங்ஙனம்? மத விசாரணை மன்றத்தாரின் பதிவேடுகளால்தான். மோன்செகூரில் உயிர் தப்பியவர்களை ஃபெரெர் என்னும் துறவி நிறுத்திவைத்து, யார் யாரைக் கண்டாய், யார் யாரை வணங்கினாய் எனக் கேட்டு எழுதுவித்தார். 17ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட பிரதிகள் பாரிஸில் உள. சாட்சிகள் சொன்னது ஒக்ஸித்தான் மொழியில். எழுத்தர் எழுதியது லத்தீனில். அழிக்க வந்தவனின் ஏட்டில்தான் அழிந்தவனின் பெயர் பிழைத்திருக்கின்றது. தோட்டத்துக் கிராணி வேலை பார்க்கும் நமக்கு இஃது ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி. பெரட்டுக்களத்தில் தொழிலாளி தமிழில் சொன்னது செக்ரோல் புத்தகத்தில் ஆங்கிலத்தில் ஏறிற்று. பெயரும் நாள்கணக்கும் கூலியும் அதில் உண்டு. அவன் நெஞ்சில் இருந்தது அதில் இல்லை.

கதார்கள் குற்றமற்றவர் என்று நாம் சாதிக்கப் புகவில்லை. உடலையும் உலகையும் தீயதென வெறுத்த கொள்கை வாழ்வுக்கு உகந்ததன்று. 1242ஆம் ஆண்டில் அவிஞோனே என்னுமிடத்தில் விசாரணைத் துறவிகளைக் கொன்றவர்கள் மோன்செகூரிலிருந்து சென்ற வீரர்களே. ஆயினும் தவறான கருத்துக்கு மறுமொழி சொல்லே, நெருப்பன்று. வாதத்தில் வெல்ல இயலாதவன் விறகு தேடுகின்றான் என்பதே அம்மலை நமக்குக் கூறும் பாடம்.

மற்றொன்றும் கூறுவோம். தன் கதையைத் தன் மொழியில் எழுதிவைக்காத சமூகத்தின் கதையை வேறொருவன் தன் மொழியில், தன் தேவைக்கேற்ப எழுதுவான். பின்வருவோர் அதன்மேல் தமக்கு விருப்பமான பலகையை மாட்டுவர். ஆதலின், நம் தோட்டங்களில் இன்னும் உயிரோடிருக்கும் முதியோரிடம் சென்று, அவர்கள் வந்த வழியையும் பட்ட பாட்டையும் அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதிவைப்பது படித்த இளைஞர் ஒவ்வொருவரின் கடமையாகும். அதற்கு மலையேற வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஓய்வான ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.