கண்டிப்பின் எல்லை: ஜாக் மக்காய் என்னும் அரசு வழக்கறிஞர்

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1990இல் தொடங்கிய ‘லா அண்ட் ஆர்டர்’ தொடருக்குள் 1994இல் வந்து சேர்ந்த ஜாக் மக்காய், மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் மூத்த உதவி வழக்கறிஞராக வாதாடி, பின்னர் அவ்வலுவலகத்தின் தலைமைப் பொறுப்புக்கும் உயர்ந்து, 2024 பிப்ரவரியில் விடைபெற்ற கற்பனைப் பாத்திரம் ஆவார். சாம் வாட்டர்ஸ்டன் நடித்த இப்பாத்திரத்தின் கண்டிப்பை அவரது குணத்தின் விளைவாகக் கொள்வதே வழக்கம். ஆனால் அக்கண்டிப்பு பார்வையாளரிடம் பெறும் மதிப்பு, குணத்தைவிடத் தொடரின் கதையமைப்பையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

ஒவ்வொரு கதையின் முற்பகுதியும் காவல்துறையின் புலனாய்வாகவும் பிற்பகுதி நீதிமன்ற வழக்காகவும் அமைவதால், மக்காய் வாதிட எழும்போதே எதிரி குற்றவாளி என்ற உறுதி பார்வையாளர் மனத்தில் பெரும்பாலும் ஊன்றிவிடுகிறது. அதன்பின் எதிர்த்தரப்பு எழுப்பும் சட்ட ஆட்சேபங்கள் யாவும் நீதிக்குக் குறுக்கே நிற்கும் தடைகளாகவும், அவற்றைத் தாண்ட மக்காய் வளைக்கும் விதிகள் துணிவின் அடையாளங்களாகவும் தோன்றுகின்றன. நடுவர் குழுவில் அமரும் பன்னிரண்டு குடிமக்களுக்கோ நீதிபதிக்கோ அத்தகைய முன்னறிவு கிடையாது. சாட்சியம் வழியாக மட்டுமே அவர்கள் உண்மையை அணுக முடியும்.

இவ்வமைப்பைத் தொடரே சோதித்துப் பார்த்த இடம் 1998இல் ஒளிபரப்பான ‘அண்டர் த இன்ஃப்ளுயன்ஸ்’ என்னும் கதை. குடிபோதையில் காரோட்டி மூவரைக் கொன்றவர் மீது மக்காய் கொலைக்குற்றம் சாட்டுகிறார். நியூயார்க் சட்டப்படி குடிபோதை குற்றத்துக்குத் தற்காப்பு ஆகாது என்றாலும், கொல்லும் உள்நோக்கம் இருந்ததா என்ற கேள்வியில் அதைச் சான்றாக முன்வைக்கலாம். ஆகவே எதிரி எவ்வளவு குடித்திருந்தார் என்பதை அறிந்த சாட்சி எதிர்த்தரப்புக்குக் கிடைக்காதவாறு மக்காய் பார்த்துக்கொள்கிறார். அவரது உதவியாளராகவும் நெருக்கமானவராகவும் இருந்த கிளேர் கின்கெய்ட், 1996இல் ஒளிபரப்பான கதையொன்றில் குடிகார ஓட்டுநரால் இறந்தவர் என்பதால், பார்வையாளரின் பரிவு முழுவதும் மக்காய் பக்கமே சாய்கிறது. இருந்தும் கதையின் முடிவில் அவர் பின்வாங்குகிறார். அந்தப் பின்வாங்கலே இக்கதையைத் தொடரின் மிகச் சிறந்த படைப்புகளுள் ஒன்றாக்குகிறது.

இதனை 1963இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய பிரேடி எதிர் மேரிலாந்து தீர்ப்போடு ஒப்பிடுவது பயன் தரும். எதிரிக்குச் சாதகமான முக்கியச் சான்றை அரசுத் தரப்பு மறைப்பது, அதை நல்லெண்ணத்தோடு மறைத்தாலும் தீய எண்ணத்தோடு மறைத்தாலும், உரிய சட்ட நடைமுறைக்கான உரிமையை மீறுவதாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். கவனிக்கத்தக்க செய்தி, பிரேடி குற்றமற்றவர் அல்லர் என்பதே: குற்றத்தில் தமக்குப் பங்குண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார், நேரில் கொன்றது தாமே என்று கூட்டாளி தந்த வாக்குமூலம் மறைக்கப்பட்டதால், மரண தண்டனையைத் தவிர்க்க அதை அவர் பயன்படுத்த முடியாமற் போயிற்று. எனவே அவ்விதி நிரபராதியை மட்டும் காப்பதற்கு எழுந்ததன்று. குற்றவாளிக்கும் அவர் செய்த குற்றத்தின் அளவை மீறிய தண்டனை கூடாது என்பதற்காகவும் எழுந்தது. மக்காய் மறைத்த சாட்சியமும் எதிரியை நிரபராதியாக்குவதன்று, குற்றத்தின் தரத்தைக் குறைக்கக்கூடியது. ஆதலின் அவரது துயரமோ நேர்மையோ அச்செயலை நியாயப்படுத்த முடியாது.

மக்காயைத் தடுத்து நிறுத்துவது யார் என்ற கேள்வி இதனினும் முக்கியமானது. தொடர் நெடுகிலும் உதவியாளரின் முகச்சுளிப்பும், மேலதிகாரி ஆடம் ஷிஃபின் சுருக்கமான எச்சரிக்கையும், அவரது சொந்த மனச்சான்றுமே பெரும்பாலும் கடிவாளமாகின்றன. இதை நாடகச் சிக்கனம் என்று ஒதுக்கிவிட இயலாது. நடைமுறையும் இதிலிருந்து வெகுதொலைவில் இல்லை. மாநில நீதிமன்றங்களின் தண்டனைத் தீர்ப்புகளில் ஏறத்தாழ 94 விழுக்காடு, எதிரி தாமே குற்றத்தை ஒப்புக்கொள்வதால் விளைபவை என்று 2012இல் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. அவ்வழக்குகளில் சான்றுகள் விசாரணை மேடைக்கே வருவதில்லை. மேலும் வழக்கு நடத்தும் பணியில் அரசு வழக்கறிஞர் செய்யும் செயல்களுக்காக, தெரிந்தே சான்றை மறைத்திருந்தாலும்கூட, அவர்மீது கூட்டாட்சிக் குடிமை உரிமைச் சட்டத்தின்கீழ் இழப்பீட்டு வழக்குத் தொடர முடியாது என்று இம்ப்ளர் எதிர் பாக்ட்மன் வழக்கில் அந்நீதிமன்றம் முடிவு செய்தது. 1976இல் வழங்கப்பட்ட அத்தீர்ப்பு இன்றும் நடைமுறையில் உள்ளது.