தபால் படை – 6: மேஜர் ஆடம்ஸுக்கு வந்த மிரட்டல்

போன வாரம் உங்களைக் கிளாஸ்கோ துறைமுகத்தில், வானத்திலிருந்து குண்டு இறங்கும் நேரம் பார்த்து அம்போவென விட்டுவிட்டேன். ஏழு நாளும் என்னைத் திட்டியிருப்பீர்கள். முதலில் அந்தக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன்.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஜெர்மானியரின் பறக்கும் குண்டு துறைமுகத்தை ஒட்டி விழுந்து வெடித்தது. அப்போதுதான் கப்பலைவிட்டு இறங்கிய பெண்கள் பதுங்க இடம் தேடி ஓடினார்கள். ஆபத்து நீங்கியதும் மறுபடி அணி சேர்ந்தார்கள். பர்மிங்ஹாமுக்கு ரயில் ஏறினார்கள். 6888-வது மத்திய தபால் பட்டாலியன். அமெரிக்கப் பெண்கள் ராணுவப் பிரிவிலிருந்து கடல் கடந்து போன ஒரே கறுப்பினப் பட்டாலியன். தலைமை தாங்குபவர், நமக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்ட மேஜர் சாரிட்டி ஆடம்ஸ். வயது 26.

கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கும் தப்பி, துறைமுகத்தில் குண்டுக்கும் தப்பி வந்தவர்களுக்காக பர்மிங்ஹாமில் ஒரு எதிரி காத்திருந்தது. அது சுடாது. வெடிக்காது. கூரை வரை குவிந்து சும்மா கிடக்கும்.

தபால் மூட்டை!

கடிதங்களும் பார்சல்களுமாக 1 கோடியே 70 லட்சம் உருப்படிகள் என்று மதிப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்தோ சமையலறையிலிருந்தோ புறப்பட்டது. ஒன்றுகூட உரியவன் கைக்குப் போய்ச் சேரவில்லை.

ஏன் சேரவில்லை? நார்மண்டியில் இறங்கிய சிப்பாய் ஓரிடத்தில் நிற்கவில்லை. கடிதம் ஒரு முகாமுக்குப் போகும்போது அவன் அடுத்த முகாமுக்குப் போயிருப்பான். அங்கே துரத்திக்கொண்டு போனால் அவன் ஆஸ்பத்திரியில் இருப்பான். குளிர்காலத்தில் ஆர்டென் காடுகளில் ஜெர்மானியர் திருப்பி அடித்தார்கள். அந்தக் களேபரத்தில் கிறிஸ்துமஸ் பார்சல்களைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? அப்படியே கிடங்கில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

கதவைத் திறந்த பெண்களை வரவேற்றவை எலிகள்.

அம்மா சுட்டு அனுப்பிய கேக்கை மகன் தின்னவில்லை. எலி தின்றது. பிஸ்கட் பெட்டிகளைக் கடித்துக் குதறி வைத்திருந்தன. கெட்டுப்போன தின்பண்டங்களின் நாற்றம் வேறு. விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஜன்னல்களை மறைத்திருந்ததால் பகலிலும் இருட்டு. கிடங்கில் கணப்பு கிடையாது. பிப்ரவரி மாதத்து இங்கிலாந்துக் குளிரில், கோட்டுக்குள் கோட்டு மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள்.

மேலிடம் கொடுத்த கெடு ஆறு மாதம்.

இந்தக் கெடுவுக்குப் பின்னால் இருந்த மனசையும் பார்க்க வேண்டும். கறுப்பினப் பெண்களை வெளிநாட்டுக்கு அனுப்ப ராணுவத்துக்கு விருப்பமே இல்லை. கறுப்பினத் தலைவி மேரி மெக்லியாட் பெத்யூன் விடாமல் போராடினார், அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டும் கூட நின்றார் என்பதை மூன்றாம் அத்தியாயத்தில் பார்த்தோம். ஆகவே இந்தப் பெண்கள் எப்போது சறுக்குவார்கள் என்று பார்க்க ஒரு கூட்டமே கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தது. சாரிட்டிக்கு அது நன்றாகவே தெரியும்.

அவர் முன்னாள் கணக்கு டீச்சர். மூட்டைகளைப் பார்த்து மலைக்கவில்லை. கணக்குப் போட்டார்.

வாரத்தில் ஏழு நாள். நாளுக்கு மூன்று ஷிஃப்ட். ஷிஃப்டுக்கு எட்டு மணி நேரம். ஒரு கூட்டம் வேலை செய்யும்போது ஒரு கூட்டம் தூங்கும். விளக்கு அணையவே அணையாது.

ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. மொத்தம் 70 லட்சம் அட்டைகள். ஆள் இடம் மாறினால் அட்டையிலும் மாற்ற வேண்டும். ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500-க்கும் அதிகமானவர்கள். இவர்களில் எந்த ராபர்ட்டின் அம்மா இந்தக் காலுறையைப் பின்னி அனுப்பினாள்? ராணுவ எண்ணை வைத்துத்தான் பிரிக்க முடியும். எண்ணே எழுதாமல் வந்த உறைகள் எத்தனையோ. சிலவற்றில் முழுப் பெயர்கூடக் கிடையாது, ‘ஜூனியர், அமெரிக்க ராணுவம்’ என்று செல்லப் பெயர் மட்டும். நம் ஊரில் ஓர் அப்பத்தா ‘சின்னத்தம்பி, மிலிட்டரி’ என்று எழுதிப் பெட்டியில் போட்டமாதிரி.

அதையும் தூக்கி எறியவில்லை. அனுப்பிய ஊரைப் பார்த்து, உள்ளே இருக்கும் குறிப்பைப் பார்த்து, துப்பறிந்தார்கள். இறந்துபோனவர்களுக்கு வந்த கடிதங்களும் அந்தக் குவியலில் இருந்தன. அவற்றைத் தனியே எடுத்து வீட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வேலைக்கு உட்கார்ந்த பெண்ணின் மனநிலையை நான் விவரிக்கப் போவதில்லை. உங்களுக்கே தெரியும். அவளுக்கும் போர்முனையில் அண்ணனோ காதலனோ இருந்திருக்கலாம்.

‘தபால் இல்லையேல் தெம்பு இல்லை.’ இதுதான் அந்தப் பட்டாலியனின் தாரக மந்திரம். கடிதம் வராத சிப்பாய் முதலில் தபால்காரனைத் திட்டுவான். பிறகு வீட்டைத் திட்டுவான். கடைசியில், வீட்டில் நம்மை மறந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிடுவான். அப்படிப்பட்டவன் கையில் துப்பாக்கி இருந்து என்ன பயன்?

வேலை சூடு பிடித்தது. ஒரு ஷிஃப்டில் 65,000 உருப்படிகள் கிடங்கைவிட்டு வெளியேறின.

இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். 65,000.

ஏனென்றால் இப்போது ஒரு ஜெனரல் வருகிறார்.

பட்டாலியனைப் பார்வையிட வருவதாகத் தகவல். யார் இந்த ஜெனரல்? சாரிட்டி பிற்காலத்தில் தன் நினைவுகளை எழுதியபோதும் பெயரைச் சொல்லவில்லை. நாமும் ‘ஜெனரல்’ என்றே வைத்துக்கொள்வோம். அவர் எதிர்பார்ப்பது என்ன? பளபளக்கும் ஷூ, விறைத்த சல்யூட், மைதானம் நிறைய ஆட்கள். நட்சத்திரம் குத்திய தோள்கள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் அதுதான்.

சாரிட்டியின் முன்னால் ஒரு தராசு. ஒரு தட்டில் ஜெனரலின் திருப்தி. மறு தட்டில் 65,000.

எல்லாரையும் மைதானத்தில் நிறுத்தலாம். ஜெனரல் குளிர்ந்துபோவார். ஆனால் கிடங்கு நின்றுவிடும். இரவு முழுக்க மூட்டை பிரித்துவிட்டுப் படுத்தவர்களை எழுப்ப வேண்டும். எழுப்பினால் அடுத்த ஷிஃப்டும் படுத்துவிடும்.

முடிவெடுத்தார். வேலையில் இருப்பவர்கள் வேலை செய்யட்டும். தூங்குபவர்கள் தூங்கட்டும். மீதிப் பேர் அணிவகுப்புக்கு வரட்டும்.

ஜெனரல் வந்தார். அணியைப் பார்த்தார். முகம் மாறியது.

மற்றவர்கள் எங்கே என்று கேட்டார். இது ஒரு பட்டாலியன் மாதிரியே தெரியவில்லையே என்றார்.

சாரிட்டி நிதானமாக விளக்கினார். ஒரு பகுதியினர் பணியில் இருக்கிறார்கள், ஒரு பகுதியினர் உறங்குகிறார்கள். இந்தப் பட்டாலியன் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது.

எந்த அதிகாரிக்கும் போதுமான பதில் இது. வேலை நடக்கிறதே என்று மகிழ்ந்துபோயிருக்கலாம்.

ஜெனரல் மகிழவில்லை.

எல்லாரையும் பார்க்கத்தான் வந்தேன் என்றார். குரல் ஏறியது. பிறகு அந்த வாக்கியம் வந்தது. இந்தப் பட்டாலியனை எப்படி நடத்துவது என்று உனக்குக் கற்றுக்கொடுக்க ஒரு வெள்ளைக்கார லெஃப்டினென்டை அனுப்பி வைக்கிறேன் என்றார்.

லெஃப்டினென்ட்! மேஜருக்கு இரண்டு படி கீழே. அவன் வந்து மேஜருக்குப் பாடம் எடுப்பானாம். அவனுக்கு இருக்கும் ஒரே தகுதி என்ன என்பதையும் ஜெனரலே தெளிவாகச் சொல்லிவிட்டார். தோலின் நிறம்.

உங்களுக்கு ஃபோர்ட் டெமாயின் ஞாபகம் இருக்கிறதா? சாரிட்டி பயிற்சிக்குப் போய் இறங்கிய முதல் நாள். ரயிலில் எல்லாப் பெண்களும் ஒன்றாகப் பேசிச் சிரித்துத்தான் வந்தார்கள். முகாமில் நுழைந்ததும் ஒரு குரல், கறுப்பினப் பெண்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போங்கள் என்றது. வெள்ளைப் பெண்களைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். இவர்களுக்குப் பெயர்கூட வேண்டியிருக்கவில்லை. அன்று சாரிட்டி வாய் திறக்கவில்லை. அன்று அவர் பொறுப்பில் அவரைத் தவிர யாரும் இல்லை.

இன்று 800-க்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். இந்த வாக்கியத்தை விழுங்கிக்கொண்டால், நாளைக்கு அவர்கள் எந்த முகத்தோடு கிடங்குக்குள் போவார்கள்? எலியோடும் குளிரோடும் போராடிக் கட்டிய ஒழுங்கை, ஒரு கடிதத்தைக்கூடப் பிரித்து அறியாத ஒருவன் வந்து திருத்துவானா?

யோசிக்க நேரம் இல்லை. எதிரே நிற்பவர் ஜெனரல். நூல் பிசகினால் உத்தியோகம் போய்விடும்.

சாரிட்டி வாயைத் திறந்தார்.

தன் பிணத்தைத் தாண்டித்தான் அது நடக்கும் என்றார். முடிவில் ‘சார்’ என்று மரியாதையாகச் சேர்த்துக்கொண்டார்.

அமைதி.

ஓர் அமெரிக்க ஜெனரலிடம், நேருக்கு நேர், ஒரு கறுப்பினப் பெண் சொன்ன பதில் இது. அதுவும் 1945-ல். ஜெனரலின் ரத்தம் எப்படிக் கொதித்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். கிளம்பிவிட்டார். இது இத்தோடு முடியாது என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

முடியவும் இல்லை.

சேதி வந்து சேர்ந்தது. மேஜர் ஆடம்ஸ் மீது ராணுவ நீதிமன்ற விசாரணைக்கு ஜெனரல் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாத குற்றம்.

இதில் சாரிட்டியின் பதவி மட்டுமா பணயம்? கறுப்பினப் பெண்கள் ராணுவத்துக்கு லாயக்கில்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்காது. பார்த்தீர்களா, தலைவியே அடங்காப்பிடாரி என்பார்கள். கிடங்கில் மூட்டைகள் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கின்றன. ஆறு மாத வேலை பாதிக் காலத்திலேயே முடிந்துவிடும்போல் இருக்கிறது. அதையெல்லாம் யார் பேசப்போகிறார்கள்?

மன்னிப்புக் கேட்டுவிடலாமே என்று உங்களில் சிலர் சொல்வது காதில் விழுகிறது. ஒரு தாளில் இரண்டு வரி. எல்லாம் சுமுகமாகிவிடும்.

சாரிட்டி தாளை எடுத்தார். உண்மைதான். ஆனால் மன்னிப்புக் கடிதம் எழுதுவதற்காக இல்லை.

தன் அதிகாரிகள் சிலரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ராணுவ விதிகளைப் புரட்டினார்கள். மேலிடத்து உத்தரவுகளைப் புரட்டினார்கள். அவற்றில் ஒன்று நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவரின் தலைமையகத்திலிருந்து வந்தது. தளபதிகள் எப்படிப் பேசக் கூடாது என்பதைப் பற்றிய உத்தரவு.

சாரிட்டி அதைப் படித்தார். அங்கேயே நின்றார்.

அந்தத் தடையை மீறியவர் யார் என்பதைச் சொல்ல அவருக்கு ஒரு சாட்சியும் தேட வேண்டியதில்லை. மேஜர் ஒருவர் ஜெனரல் மீது எதிர்க் குற்றச்சாட்டு எழுத முடியுமா? எழுதினால் எந்த ராணுவம் அதை ஏற்கும்?

ஜெனரலின் மேஜையில் ஒரு குற்றப் பத்திரிகை தயாராகிறது. மேஜரின் மேஜையில் இன்னொன்று. எது முதலில் மேலே போகும்? எது கிழிபடும்? மூன்று நாளில் தெரிந்துவிட்டது.

உங்களுக்கு ஏழு நாள் ஆகும்!

(தொடரும்)