மாமூலை ஏற்காத ஷரத்து: ரங்க ஐயரின் இரு மசோதாக்களும் அம்பேத்கரின் வாசிப்பும்

1934 ஆகஸ்ட் 23 அன்று மத்திய சட்டசபையில் சி.எஸ். ரங்க ஐயர் தம் ஆலயப் பிரவேச மசோதாவைக் கைவிட்டார். கைவிடும்போது அவர் பேசிய பேச்சு கடுமையானது. முந்தைய ஆண்டு உறுப்பினர்களின் வீடு தேடிப்போய் ஆதரவு திரட்டிய ராஜாஜி, தேர்தல் நெருங்கியதும் கைகழுவிவிட்டார் என்பது அதன் சாரம். அம்பேத்கர் 1945-ல் வெளியிட்ட 'காங்கிரஸும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன' என்ற நூலின் நான்காம் அத்தியாயத்தில் இந்தப் பேச்சை நீளமாக எடுத்துப் போட்டிருக்கிறார். சரணாகதி, பின்வாங்கல் ஆகிய சொற்கள் அத்தியாயத் தலைப்பிலேயே இருக்கின்றன. அதற்குப் பிறகு எழுதியவர்களில் பலருக்கு ரங்க ஐயரின் மசோதா என்றால் இந்த அத்தியாயம்தான். ஒரு சட்டசபை உறுப்பினர் கொண்டுவந்த மசோதாவின் பிறப்பும் இறப்பும் அங்கேயே எழுதி முடிக்கப்பட்டுவிட்டன.

அம்பேத்கர் மசோதாவைப் பற்றிச் சொன்னதில் பெரும்பகுதி சரி. அதன் கதையைச் சொன்ன விதத்தில் இரண்டு இடங்களில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு மசோதாக்களின் வரலாற்றை அவர் ஒன்றின் வரலாறாகச் சொல்லிவிட்டார் என்பது ஒன்று. கொண்டுவந்தவரின் பெயரைப் பின்தொடர்ந்ததால் 1934-ல் நின்றுவிட்டார் என்பது மற்றது. வாசகத்தைப் பின்தொடர்ந்திருந்தால் வேறிடத்தில் போய் நின்றிருப்பார்.

பூனா ஒப்பந்தம், தீண்டப்படாதோருக்குக் கோயிலைத் திறக்கக் கோரிய குருவாயூர் சத்தியாகிரகம், அதையொட்டி நடந்த பொன்னானி தாலுகா வாக்கெடுப்பு ஆகியவற்றை வாசகர் அறிவார். குருவாயூர்க் கோயிலின் தர்மகர்த்தாவான சாமூதிரி தமக்குச் சட்டத்தடை இருப்பதாகச் சொன்னதும் தெரிந்த செய்திதான். அது சாக்குப்போக்கு என்று பலர் அன்று நினைத்தார்கள், இன்றும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் கமுதி.

1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். பரம்பரை தர்மகர்த்தாவான இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். வழக்கு மதுரையிலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து லண்டனுக்கும் போயிற்று. 1908-ல் பிரிவி கவுன்சில் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழிவழியாக வந்த மாமூலே உரிமையைத் தீர்மானிக்கும் என்றது. நம் விவாதத்துக்கு முக்கியமானது இதற்கு இடையில் நடந்த ஒன்று. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே சேதுபதி நாடார்களோடு சமரசத்துக்கு இறங்கினார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கோயில் தர்மகர்த்தாவின் சொந்தச் சொத்தல்ல, மாமூலை மாற்றிக்கொள்ள அவருக்கு அதிகாரமில்லை, அப்படி மாற்றினால் அது நம்பிக்கை மோசடி என்பது அதன் நிலை. வேறு ஆட்கள் வாதிகளாக உள்ளே வந்து வழக்கைத் தொடர்ந்தார்கள். அதாவது, கதவைத் திறக்க மனமிருந்த ராஜாவாலும் திறக்க முடியவில்லை. பூட்டின் சாவி நீதிமன்றத்திடம் இருந்தது.

1932 இறுதியில் சட்டம் வேண்டும் என்ற பேச்சு எழுந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். சென்னைச் சட்டமன்றத்துக்காக டாக்டர் பி. சுப்பராயன் எழுதிய மசோதாவுக்கு வைசிராய் வெலிங்டன் 1933 ஜனவரி 23 அன்று அனுமதி மறுத்தார். விஷயம் இந்தியா முழுவதற்கும் பொதுவானது என்பது அவர் சொன்ன காரணம். மத்திய சட்டசபையில் ரங்க ஐயர் கொண்டுவர விரும்பியதற்கு வழிவிட்டார். நாடெங்கும் கருத்தறிந்த பிறகே மேற்கொண்டு நகர வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. இந்த நிபந்தனைக்கு மீண்டும் ஒருமுறை திரும்ப வர வேண்டியிருக்கிறது.

ரங்க ஐயரின் பெயரோடு அப்போது பேசப்பட்டவை இரண்டு மசோதாக்கள். 1933 பிப்ரவரியில் தொடங்கிய 'ஹரிஜன்' இதழில் காந்தி இரண்டையும் தனித்தனியாகவே விவாதித்தார். ஒன்று, ஆலயப் பிரவேசம் பற்றியது. அந்த வட்டார இந்து வாக்காளர்களில் பெரும்பான்மையோர் சம்மதித்தால் கோயிலைத் திறக்கலாம் என்பது அதன் உயிர். மற்றது தீண்டாமை ஒழிப்பு மசோதா. அளவில் மிகச் சிறியது. எந்தக் கதவையும் அது திறக்கவில்லை, யாரையும் தண்டிக்கவுமில்லை. சிவில், கிரிமினல் நீதிமன்றங்களும் பொது அதிகாரிகளும் தீண்டாமை வழக்கத்தை ஏற்கக் கூடாது என்று மட்டும் சொன்னது. முதல் மசோதா சாதி இந்துக்களிடம் அனுமதி கேட்டது. இரண்டாவது யாரிடமும் அனுமதி கேட்காமல், மாமூலுக்கு நீதிமன்றம் கொடுத்து வந்த முதுகெலும்பை உருவ முயன்றது. ஒருவரே கொண்டுவந்தார் என்பதாலும், ஒரே பருவத்தில் வந்தவை என்பதாலும் இரண்டும் ஒன்றாகிவிட மாட்டா.

அம்பேத்கர் 1933 பிப்ரவரி 14 அன்று வெளியிட்ட அறிக்கை முதல் மசோதாவைத்தான் அலசுகிறது. அந்த அலசலில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாது. தீண்டாமையைப் பாவம் என்று அந்த மசோதா சொல்லவில்லை, மற்றச் சமூகக் குறைகளில் ஒன்றாகவே கருதுகிறது என்றார். பெரும்பான்மை ஒப்புக்கொண்டால் மட்டுமே அநீதி நீங்கும் என்பது எந்த நியாயம் என்று கேட்டார். ஆலயப் பிரவேசம் முடிவா, சாதி ஒழிப்பை நோக்கிய முதல் படியா என்று சொல்லுங்கள் என்றார். பிறருடைய வாக்குச்சீட்டில் தொங்கும் உரிமையை உரிமை என்று அழைக்க அவர் மறுத்ததில் வியப்பில்லை. வாக்கெடுப்பில் ஒதுக்கப்பட்டவர்களின் சொல்லுக்கு என்ன எடை என்பதை அந்த மசோதாவை ஆதரித்தவர்கள் யாரும் ஒழுங்காக விளக்கவில்லை.

சிக்கல் 1945 நூலில் வருகிறது. அங்கே அம்பேத்கர் வழக்கறிஞராகப் பேசுகிறார். காங்கிரஸைக் கூண்டில் ஏற்றுவது அவர் நோக்கம். அதற்குத் தேவையான சாட்சி ரங்க ஐயரின் பேச்சு. ஆகவே ஆலயப் பிரவேச மசோதா முழுக் கதையாகவும், 1934 ஆகஸ்ட் அதன் முடிவாகவும் அமைந்துவிடுகின்றன. சிறிய மசோதா நிழலுக்குள் போய்விடுகிறது. அம்பேத்கரைப் போலச் சட்டம் கற்ற ஒருவர் அதன் கூர்மையை உணராமல் இருந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. வாதத்துக்கு உதவாததை வழக்கறிஞர் எடுத்துக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

கைவிட்டது யார் என்ற கேள்வியும் அத்தியாயம் காட்டும் அளவுக்கு எளிதல்ல. 1930-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்தச் சபையைக் காங்கிரஸ் புறக்கணித்திருந்தது. மசோதாவை நிறைவேற்றவோ தோற்கடிக்கவோ அங்கே காங்கிரஸுக்கு அணி இல்லை. ராஜாஜி 1933-ல் செய்தது வெளியே நின்று ஆள் திரட்டும் வேலை. 1933 மார்ச் 24 அன்று அறிமுகமான மசோதா, கருத்தறிய ஊர் ஊராகச் சுற்றுக்கு விடப்பட்டு 1934-ன் நடுப்பகுதிவரை முடங்கிக் கிடந்தது. தனி உறுப்பினரின் மசோதாவுக்குச் சபையில் கிடைப்பது எண்ணிக்கையிட்ட சில நாட்கள். அதில் ஓராண்டுக்கு மேல் போனால் மிஞ்சுவது என்ன? வைசிராயின் நிபந்தனை ஜனவரியிலேயே அதன் மூச்சைப் பாதி நிறுத்திவிட்டது. மதன் மோகன் மாளவியா போன்றவர்கள் சட்டத்தின் தலையீட்டையே எதிர்த்தார்கள். சனாதனிகளின் மனுக்கள் வேறு. ராஜாஜியின் பின்வாங்கல் உண்மை, தேர்தல் கணக்கும் உண்மை. ஆனால் ஏற்கெனவே கிடையாய்க் கிடந்த நோயாளியின் வீட்டிலிருந்து வைத்தியர் வெளியேறியதைக் கொலை என்று பதிவு செய்கிறார் அம்பேத்கர்.

அப்படியானால் மசோதா இறந்த நாள் எது? வைசிராய் நிபந்தனை போட்ட நாளா, சுற்றுக்கு விட முடிவான நாளா, ஆகஸ்ட் 23-ஆ? சபைக் குறிப்பின்படி கடைசி நாள்தான் சரி. சபைக்கு வெளியே நடந்ததைச் சேர்த்துப் பார்த்தால் மூன்றுக்கும் வாதம் உண்டு. நான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. ஏனென்றால் சிறிய மசோதாவின் கதையில் ஒரு இறந்த நாளே இல்லை என்பது என் எண்ணம்.

1938-க்கு வருவோம். சென்னை மாகாணத்தில் ராஜாஜி பிரதமர். எம்.சி. ராஜா சட்டமன்ற உறுப்பினர். இந்த ராஜா 1927 முதல் 1937 வரை மத்திய சட்டசபையில் நியமன உறுப்பினராக இருந்தவர். ரங்க ஐயரின் மசோதா வந்ததும் போனதும் அவர் கண்முன் நடந்தவை. சென்னையில் அவர் இரண்டு மசோதாக்களை எடுத்துவந்தார். குடிமை உரிமைத் தடைகளை நீக்கும் ஒன்று. ஆலயப் பிரவேசத்துக்கு இன்னொன்று. முதலாவது நிறைவேறியது, 1938-ன் 21-ஆம் சட்டமாயிற்று. இரண்டாவதைத் திரும்பப் பெறுமாறு ராஜாஜி கேட்டார். ராஜா இணங்கவில்லை. மசோதா தோற்றது. அதற்குப் பதில் அரசு கொண்டுவந்தது மலபாருக்கு மட்டுமான ஆலயப் பிரவேசச் சட்டம், அதுவும் சாதி இந்து வாக்காளர்களின் வாக்கெடுப்பை வைத்து.

1933-ன் இரட்டை அமைப்பு அப்படியே திரும்பி வந்திருப்பதைக் காண்க. நீதிமன்றத்தின் கையைக் கட்டும் சட்டம் ஒருபுறம், பெரும்பான்மையிடம் அனுமதி கேட்கும் சட்டம் மறுபுறம். இடையில் நிற்பவரும் அதே ராஜாஜி.

ராஜாவின் சட்டத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது. எந்த வழக்கைத் தீர்க்கும்போதும், எந்த உத்தரவை நிறைவேற்றும்போதும் ஹரிஜனங்கள்மீது தடை சுமத்தும் வழக்கத்தை எந்த நீதிமன்றமும் ஏற்கக் கூடாது என்பது அதன் பொருள். இதை ஒரு கையிலும், நாடாளுமன்றம் 1955-ல் இயற்றிய தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தின் 13-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை இன்னொரு கையிலும் வைத்துப் படித்துப் பாருங்கள். வழக்கைத் தீர்ப்பது, உத்தரவை நிறைவேற்றுவது, வழக்கத்தை ஏற்கக் கூடாது: வரிசை மாறவில்லை. 'ஹரிஜனங்கள்' என்ற இடத்தில் 'எவர்மீதும் தீண்டாமையின் பேரால்' என்று விரிந்திருக்கிறது. 1955 சட்டத்தின் அட்டவணை, தான் ரத்து செய்யும் மாகாணச் சட்டங்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அதில் சென்னையின் 1938-ன் 21-ஆம் சட்டமும் உண்டு. வரைவாளர்களின் மேசையில் அது கிடந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

1938-லிருந்து 1955-க்குப் போகும் கண்ணி இப்படி உறுதியானது. 1933-லிருந்து 1938-க்கு வரும் கண்ணி அவ்வளவு உறுதியானதல்ல. ராஜா ரங்க ஐயரின் வாசகத்தைப் பார்த்து எழுதினார் என்று காட்டும் ஆவணம் எதையும் நான் முன்வைக்கவில்லை. இருவரும் ஒரே சபையில் இருந்தார்கள், பொருள் ஒன்று, உத்தி ஒன்று என்பதே என் வாதம். எதிர்வாதமும் எளிதில் கிடைக்கும். 1850-ன் சாதித் தடை நீக்கச் சட்டமே, மதம் மாறியவரின் சொத்துரிமையைப் பறிக்கும் வழக்கத்தை நீதிமன்றங்கள் இனி சட்டமாகச் செயல்படுத்தக் கூடாது என்று சொல்லியிருந்தது. (அதுவும் அந்த ஆண்டின் 21-ஆம் சட்டம். எண் ஜோசியக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம்.) ஆகவே இருவரும் அந்தப் பழைய சூத்திரத்தைத் தனித்தனியாக எடுத்திருக்கலாம். இருக்கலாம்தான். ஆனால் 1850 சட்டம் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஏட்டில் இருந்தும் தீண்டாமை வழக்கத்தின்மீது அதைப் பொருத்த வேண்டும் என்ற யோசனை அதுவரை சட்டமாகவில்லை. அந்தப் பொருத்தலைச் செய்தது 1933-ன் சிறிய மசோதா. ஐந்தே ஆண்டுகளில் அதே பொருத்தல், அந்தச் சபையில் அமர்ந்திருந்தவரின் கையால் சட்டமாகிறது. இதைத் தற்செயல் என்பவர்தான் நிரூபிக்கும் பாரத்தைச் சுமக்க வேண்டும்.

1939-ல் மதுரையில் நடந்தது இந்த வாசிப்புக்கு வலுச் சேர்க்கிறது. ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்ட ஹரிஜனங்களையும் நாடார் ஒருவரையும் அழைத்துச் சென்றார். வாக்கெடுப்பு நடக்கவில்லை, பெரும்பான்மை கேட்கப்படவில்லை. உடனே அரசுக்கு வந்த கவலை என்ன? உள்ளே விட்ட அதிகாரிகள்மீதும் தர்மகர்த்தாக்கள்மீதும் வழக்குப் பாயுமே என்பது. முதலில் அவசரச் சட்டம், பிறகு ஆலயப் பிரவேச அதிகாரமளிப்பு மற்றும் ஈட்டுறுதிச் சட்டம். தலைப்பில் உள்ள 'ஈட்டுறுதி' என்ற சொல்லே சாட்சி: சேதுபதியின் கையைக் கட்டிய கமுதித் தீர்ப்பு முப்பத்தோராண்டு கழித்தும் பயமுறுத்திக்கொண்டிருந்தது. பெரும்பான்மை வாக்கு என்ற உத்தி மதுரையில் ஓரம்கட்டப்பட்டது. நீதிமன்றத்தைத் தள்ளி நிறுத்தும் உத்தி நின்றது. 1947-ன் சென்னை ஆலயப் பிரவேசச் சட்டம் வாக்கெடுப்புப் பேச்சையே எடுக்கவில்லை.

அம்பேத்கர் 1933-ல் எதை வெறுத்தாரோ அது இப்படி ஒழிந்தது. அவர் தலைமையிலான வரைவுக் குழு உருவாக்கிய அரசியல் சாசனத்தின் 17-ஆம் பிரிவு எவருடைய சம்மதத்தையும் கேட்கவில்லை. அந்த வகையில் அவரது 1933 அறிக்கை வென்றது. 1945 அத்தியாயம் புதைத்த சிறிய மசோதாவும், அந்தப் பிரிவைச் செயல்படுத்த வந்த சட்டத்துக்குள், 13-ஆம் பிரிவில், பெயரில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

ஓர் இடம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 13-ஆம் பிரிவு 'தீண்டாமையின் பேரால்' சுமத்தப்பட்ட தடையைத்தான் தொடுகிறது. கமுதியில் நாடார்களைத் தடுத்த மாமூல் அந்தச் சொல்லுக்குள் அடங்குமா? 1908 தீர்ப்பு கோயில் மாமூலைப் பேசிற்று. 1938 சட்டம் ஹரிஜனங்களைப் பேசிற்று. கமுதி வழக்கை 1956-ல் ஒருவர் புதிதாகத் தொடுத்திருந்தால், 13-ஆம் பிரிவைக் காட்டி அதை வாசலிலேயே நிறுத்தியிருக்க முடியுமா, 1947 சட்டத்தைத்தான் கையில் எடுக்க வேண்டியிருந்திருக்குமா? இரண்டாவதுதான் என்று சாய்கிறேன். அப்படியானால் சிறிய மசோதா, தனக்குக் காரணமாயிருந்த வழக்கையே தொடாமல் சட்டமாயிற்று என்றாகிறது.