இஸ்திரிப் பெட்டிக்குள் தண்ணீர் வந்த கதை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒன்டாரியோ என்றொரு நகரம் இருக்கிறது. 1900களின் தொடக்கத்தில் அது பழத்தோப்புகள் சூழ்ந்த சின்ன ஊர். ஊருக்கு மின்சாரம் வந்திருந்தது. ஆனால் பொழுது சாய்ந்த பிறகுதான் கிடைக்கும். வீடுகளில் விளக்கு எரிப்பதற்கு மேல் மின்சாரத்துக்கு வேலை இல்லாத காலம் அது. பகலில் ஜெனரேட்டரை ஓட்டினால் வாங்குவதற்கு ஆளில்லை. அந்த ஊர் மின் நிறுவனத்தில் பணியாற்றிய ஏர்ல் ரிச்சர்ட்சன் தன் நிறுவனத்திடம் ஒரு கோரிக்கை வைத்தார்: வாரத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும் பகல் முழுவதும் மின்சாரம் விட வேண்டும்.

செவ்வாய்க்கிழமைக்குக் காரணம் இருந்தது. அன்றைய அமெரிக்கக் குடும்பங்களில் திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். செவ்வாய் துணி தேய்க்கும் நாள். ரிச்சர்ட்சன் மின்சாரத்தில் சூடாகும் இஸ்திரிப் பெட்டிகளைச் செய்து, ஊர்ப் பெண்களிடம் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார். பகலில் மின்சாரம் வந்தால்தான் அவற்றைப் பயன்படுத்த முடியும். நிறுவனம் சம்மதித்தது.

பெண்கள் பெட்டியால் தேய்த்துப் பார்த்துவிட்டுக் குறையும் சொன்னார்கள். நடுவில் அதிகமாகச் சுடுகிறது, முனையில் சூடு போதவில்லை என்றார்கள். பொத்தான் துளையைச் சுற்றியும், கொசுவத்தின் இடுக்கிலும், கழுத்துப்பட்டியின் ஓரத்திலும் வேலை செய்வது முனைதான். ரிச்சர்ட்சன் முனையில் சூடு குவியும்படி பெட்டியை மாற்றி, 1905ல் ‘ஹாட்பாயின்ட்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். சுவரில் பிளக் பாயின்ட் இல்லாத காலம் என்பதால், கூரையில் தொங்கிய பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரிலேயே பெட்டியின் வயரை மாட்டினார்கள். பல வீடுகளில் விளக்குக்கு அடுத்தபடியாக உள்ளே வந்த மின்கருவி இஸ்திரிப் பெட்டிதான்.

சூட்டின் சிக்கல் இப்படித் தீர்ந்தது. ஆனால் துணி தேய்க்கச் சூடு மட்டும் போதாது. தண்ணீரும் வேண்டும். அந்தத் தண்ணீர் தேய்ப்பவரின் கையிலிருந்து பெட்டிக்குள் போய்ச் சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

காய்ந்த பருத்திச் சட்டையை எவ்வளவு சூடான பெட்டியால் அழுத்தினாலும் ஆழமான மடிப்பு முழுதாகப் போவதில்லை. பருத்தி நூல் என்பது செல்லுலோஸ் என்னும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் கட்டு. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. துணி கசங்கிய நிலையில் உலரும்போது அந்தப் பிணைப்புகள் கசங்கலையே நிலையாக்கிவிடுகின்றன. ஈரம் உள்ளே நுழைந்தால் பிணைப்புகள் விடுபட்டுச் சங்கிலிகள் நகர இடம் கிடைக்கிறது. சூடு அந்த நகர்வை விரைவாக்குகிறது. பெட்டியின் எடை துணியைச் சமமாக்குகிறது. ஈரம் ஆவியானதும் புதிய பிணைப்புகள் தட்டையான நிலையில் உருவாகின்றன. மூன்றில் எது குறைந்தாலும் சட்டை அரைகுறையாகவே நிற்கும்.

இந்த வேதியியல் எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்பே துணியோடு பழகியவர்கள் அதைக் கையால் அறிந்திருந்தார்கள். நற்றிணையின் 90ஆம் பாடலில், திருவிழாக் காலத்து ஊரில் ஓய்வில்லாமல் வேலை செய்யும் சலவைப் பெண் வருகிறாள். அவள் இரவில் கஞ்சியில் தோய்த்த ஆடையும் அதே பாடலில் வருகிறது. ஈரமும் கஞ்சியும் சேர்ந்து துணியை விறைப்பாக்கும் என்ற அறிவு தமிழ் மண்ணில் அத்தனை பழையது. சீனாவில் பட்டுக்குச் சூடு வைத்தார்கள். பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் உள்ள 12ஆம் நூற்றாண்டுச் சீன ஓவியம் ஒன்றில், அரண்மனைப் பெண்கள் நீளமான பட்டை இருபுறமும் இழுத்துப் பிடித்திருக்க, ஒருத்தி தணல் நிரப்பிய கிண்ணத்தை அதன் மேல் ஓட்டுகிறாள். ஒரு சிறுமி பட்டுக்கு அடியில் குனிந்து வேடிக்கை பார்க்கிறாள்.

19ஆம் நூற்றாண்டின் மேற்கத்திய வீடுகளில் தேய்ப்பு என்பது முதுகு ஒடியும் வேலை. இரண்டு முதல் நான்கு கிலோ வரை எடையுள்ள வார்ப்பிரும்புக் கட்டிகளை அடுப்பில் வைத்துச் சுட வைப்பார்கள். ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது சூடேற வேண்டும். ஆகவே வீட்டுக்கு இரண்டு மூன்று கட்டிகள். சுடச்சுட இருக்கும் இரும்புக் கைப்பிடியைத் தடித்த துணி சுற்றித்தான் பிடிக்க முடியும். அயோவா மாநிலத்தின் ஒட்டம்வா ஊரைச் சேர்ந்த மேரி ஃபுளோரன்ஸ் பாட்ஸ் என்ற இளம்பெண் 1871ல் கழற்றி மாட்டும் மரக் கைப்பிடிக்குக் காப்புரிமை பெற்றார். கட்டி அடுப்பில் இருக்கும். கைப்பிடி வெளியே குளிர்ச்சியாக இருக்கும். அவருடைய பெட்டிக்கு இரு பக்கமும் கூர்முனை இருந்ததால் முன்னும் பின்னும் தேய்க்கலாம். 1892ல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் வாழ்ந்த தையல்காரர் சாரா பூன், சட்டைக் கையையும் ரவிக்கையின் வளைவையும் தேய்க்க ஏற்றபடி குறுகலாக வளைந்த பலகைக்குக் காப்புரிமை வாங்கினார். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற கறுப்பினப் பெண் அவர். வேலையின் வலி தெரிந்த பெண்களிடமிருந்து வந்த திருத்தங்கள் இவை.

தண்ணீர்? அது அப்போதும் கையால்தான். முதல் நாள் இரவே துணிகளில் நீர் தெளித்து, இறுகச் சுருட்டி வைத்துவிடுவார்கள். விடிவதற்குள் ஈரம் சீராகப் பரவியிருக்கும். பின்னாளில் சோடா பாட்டிலின் வாயில் துளையிட்ட மூடியைச் செருகித் தெளித்தார்கள். தேய்த்து முடியாத துணிகளைச் சுருட்டியபடியே ஃபிரிட்ஜில் வைத்து, பூஞ்சை பிடிக்காமல் மறுநாள் எடுத்த வீடுகளும் உண்டு.

கலிபோர்னியாவில் சலவைக் கடைகள் நடத்திய சீனத் தொழிலாளர்கள் வாயில் தண்ணீரை அடக்கி, பனிபோல் மெல்லிய சாரலாக ஊதித் தெளித்தார்கள். அதைச் சுகாதாரக் கேடு என்று காட்டி அவர்கள் மீது வெறுப்பு வளர்க்கப்பட்டது. பிறகு வாய்க்குப் பதிலாகப் பித்தளை ஊதுகுழல் தெளிப்பான்கள் வந்தன. சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகம் மரக் கட்டடங்களில் சலவைக்கடை நடத்த அனுமதி தேவை என்று விதி போட்டு, விண்ணப்பித்த சுமார் 200 சீனர்களுக்கும் மறுத்தது. மற்றவர்களில் ஒருவரைத் தவிர அனைவருக்கும் கொடுத்தது. 1886ல் ‘யிக் வோ’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்றது. எழுத்தில் நடுநிலையாக இருக்கும் சட்டத்தையும் பாரபட்சமாக நடைமுறைப்படுத்தக் கூடாது என்ற அந்தத் தீர்ப்பை, சட்டத்தின் முன் சமத்துவம் பற்றிய வழக்குகளில் இந்திய உச்ச நீதிமன்றமும் எடுத்துப் பேசியிருக்கிறது. ஒரு சலவைக்காரரின் வழக்கு அத்தனை தூரம் வந்து சேர்ந்தது.

மின் இஸ்திரிப் பெட்டிக்கு முதல் காப்புரிமை பெற்றவர் நியூயார்க்கின் ஹென்றி சீலி, ஆண்டு 1882. மின் இணைப்பே இல்லாத வீடுகளில் அது பயன்படவில்லை. அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது ஒன்டாரியோவின் செவ்வாய்க்கிழமைகள். நீராவிப் பெட்டிக்கும் அதே தாமதம் நேர்ந்தது. 1926ல் நியூயார்க்கின் எல்டெக் என்ற சலவை நிறுவனம் முதல் மின் நீராவிப் பெட்டியை 10 டாலருக்கு விற்றது. பெரிய வரவேற்பில்லை. 1938ல் ‘ஸ்டீம்-ஓ-மேட்டிக்’ வந்த பிறகுதான் அந்த யோசனை மக்களிடம் பரவத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நீராவிப் பெட்டி வீட்டுப் பொருளாக நிலைத்தது.

உள்ளே நடப்பது எளிமையானது. கைப்பிடிக்குக் கீழே ஒரு சிறு தொட்டி. அதிலிருந்து ஊசித் துளை வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் அடித்தட்டின் மேலுள்ள சூடான அறையில் விழுகிறது. விழுந்த கணமே ஆவியாகி, அடித்தட்டின் துளைகள் வழியே துணிக்குள் பாய்கிறது. தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் சுருசுருவென்று அடங்குவது போன்றதுதான் இதுவும். கல் காயாவிட்டால் என்ன ஆகும் என்பது சமையலறையில் நின்றவர்களுக்குத் தெரியும். பெட்டியிலும் அதேதான் நடக்கிறது. சூடு ஏறுவதற்குள் நீராவி விசையைத் திருப்பினால், அல்லது மெல்லிய துணிக்கான குறைந்த சூட்டில் வைத்து நீராவி கேட்டால், ஆவிக்குப் பதில் தண்ணீரே ஒழுகிச் சட்டையின் நெஞ்சுப் பகுதியில் திட்டுத் திட்டாக நிற்கும்.

ஆகவே நீராவிப் பெட்டிக்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். ரேயானும் நைலானும் புழக்கத்துக்கு வந்த பிறகு அந்தத் தேவை இன்னும் கூடியது. பருத்திக்கு ஏற்ற சூட்டை நைலான் தாங்காது, உருகிப் பெட்டியிலேயே ஒட்டிக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டில் ஒட்டவைத்த இரு உலோகப் பட்டைகள் சூட்டில் வெவ்வேறு அளவில் விரிகின்றன. பட்டை வளைந்து இணைப்பைத் துண்டிக்கிறது. ‘டிக்’ என்ற ஒலியோடு சிவப்பு விளக்கு அணைவது அப்போதுதான். சட்டையின் உள்பக்கம் தைத்திருக்கும் சீட்டில் பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி என்றால் சுமார் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. ஒற்றைப் புள்ளித் துணிக்கு நீராவி வேண்டாம்.

பெட்டிக்குள் போன தண்ணீர் தன்னோடு உப்பையும் கொண்டுபோனது. ஆழ்துளைக் கிணற்று நீரில் வாழும் தமிழ்நாட்டு வீடுகள் இதை நன்றாக அறியும். கடினநீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சூடேறியதும் வெண்ணிறப் படிவாகப் பிரிகின்றன. கெட்டிலின் அடியில் படிவது போலவே பெட்டியின் ஆவி அறையிலும் படிந்து, துளைகளை அடைக்கின்றன. ஒருநாள் அந்தப் படிவு பெயர்ந்து, கறுப்புச் சட்டையில் வெள்ளைத் துகளாகவோ வெள்ளைச் சட்டையில் பழுப்புக் கறையாகவோ விழும். தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதும், வேலை முடிந்ததும் மிச்ச நீரைக் கொட்டிவிடுவதும், அவ்வப்போது முழுச் சூட்டில் வைத்து ஆவியைப் பீறிடவிட்டுத் துளைகளைச் சுத்தம் செய்வதும் பெட்டியின் ஆயுளைக் கூட்டுகின்றன.

தேய்க்கும் வேலையையே குறைத்துவிட முயன்றவர்களும் இருந்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகத்தில் ரூத் பெனெரிட்டோவும் அவருடைய குழுவினரும் செல்லுலோஸ் சங்கிலிகளை ஒன்றோடொன்று நிலையாகக் கட்டிப்போடும் வேதிமுறைகளை 1950களிலும் 60களிலும் வளர்த்தெடுத்தார்கள். கசங்காத பருத்தி பிறந்தது. அதோடு பாலியெஸ்டரும் சேர்ந்தது. நம் ஊரில் டெரிகாட்டன் சட்டை இடம் பிடித்ததும் அப்படித்தான்.

ஒன்டாரியோவுக்கும் மாற்றங்கள் வந்து சேர்ந்தன. ரிச்சர்ட்சன் தொடங்கிய ஆலை ஜெனரல் எலெக்ட்ரிக் வசமாகி, பல தலைமுறைத் தொழிலாளர்களுக்குச் சோறு போட்டது. உலோகப் பெட்டிகளின் இடத்தைப் பிளாஸ்டிக் உடல் கொண்ட இலகுவான பெட்டிகள் பிடித்தபோது, அவற்றைச் சிங்கப்பூர் உள்ளிட்ட வெளிநாட்டு ஆலைகளில் செய்ய நிறுவனம் முடிவெடுத்தது. ஊராரும் தொழிற்சங்கமும் போராடியும் 1982ல் ஆலை மூடப்பட்டது. ஒன்டாரியோ என்ற ஊர் உருவானதும், சீலி காப்புரிமை பெற்றதும் அதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன்பு, 1882ல்.

தமிழ்நாட்டுத் தெருக்களில் கதை வேறு வழியில் நடந்தது. இங்கே பெட்டி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே தெருமுனையில் இருந்தது. மரத்தடியில் தள்ளுவண்டி, அதன் மேல் மடித்து விரித்த கம்பளி, அதற்கு மேல் வெள்ளைத் துணி, ஓரத்தில் கரி நிரப்பிய கனத்த பித்தளைப் பெட்டி. மூடியைத் திறந்து கரியைப் போட்டு, கனன்றதும் பெட்டியை முன்னும் பின்னும் வீசிச் சாம்பலைப் பறக்கவிட்டு, அடியை ஈரத் துணியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டே முதல் சட்டையைத் தொடுவார்கள். கொட்டாங்குச்சிக் கரியும் எரியும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேலத்தைச் சுட்டெடுக்கும் கரியும் எரியும்.

தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் சாதியின் பேரால் சுமந்தவர்கள், ஊர் அழுக்கை எடுத்தும் ஊரின் ஓரத்தில் வைக்கப்பட்டவர்கள். அவர்களுக்குத் தமிழக அரசு விலையில்லாப் பித்தளைத் தேய்ப்புப் பெட்டிகளை வழங்கியது. பின்னர் எரிவாயுவில் இயங்கும் பெட்டிகளையும் வழங்கத் தொடங்கியது. கரிப்புகையும் சாம்பலும் கண்ணையும் நெஞ்சையும் கெடுப்பதைப் பார்த்த திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், சூரிய மின்சக்தியில் இயங்கும் தேய்ப்பு வண்டியை வடிவமைத்தார். 2021ல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகி, கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார்.

அலமாரியில் நீராவிப் பெட்டி இருக்கும் வீடுகளிலிருந்தும் கஞ்சி போட்ட வேட்டியும் பட்டுச் சேலையும் இன்றும் அந்த வண்டிக்குப் போகின்றன. விறைத்த வேட்டிக்குக் கை நிறையத் தண்ணீர் வேண்டும். பெட்டியின் ஆவி அதற்குப் பத்தாது. பட்டில் சொட்டு நீர் பட்டாலும் தடம் விழலாம்; ஆகவே மறுபுறம் திருப்பி, மேலே பருத்தித் துணியைப் போட்டு, இளஞ்சூட்டில் ஓட்டுவார்கள். எந்தத் துணிக்கு எவ்வளவு ஈரம் என்ற கணக்கை அவர்கள் விரல்கள் அறியும். கரியிலிருந்து எரிவாயுவுக்கும் அங்கிருந்து சூரிய ஒளிக்கும் மாறும் அந்தத் தொழிலில், மூடியில் துளையிட்ட தண்ணீர் பாட்டில் மட்டும் இன்னும் பெட்டிக்கு வெளியேதான் இருக்கிறது.