தோட்டத்து வீட்டில் ரொட்டி: மாவு, பக்குவம், செலவு

நெகிரி செம்பிலானின் ரந்தாவ், லிங்கி, லாபு, பஹாவ் வட்டாரத் தோட்டங்களில் ரொட்டி என்பது வெளியிலிருந்து வரும் பொருள். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டு வரும் ரொட்டிக்காரரிடம் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டணத்துக்குப் போய்வருபவர் வாங்கி வர வேண்டும். வீட்டிலேயே சுடலாமே என்றால் இரண்டு தடைகளைச் சொல்வார்கள்: ரொட்டிக்கென்று தனி மாவு வேண்டும், ஓவன் வேண்டும். இரண்டும் இல்லாமலே நல்ல ரொட்டி சுடலாம்.

பெங்காலியா, பங்காளியா?

நம் நாட்டில் ரொட்டித் தொழிலில் இந்திய முஸ்லிம்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பினாங்கில் பேர்பெற்ற 'ரொட்டி பெங்காலி' வங்காளத்திலிருந்து வந்ததல்ல. கூட்டாகத் தொழில் நடத்திய 'பங்காளி' என்ற தமிழ்ச் சொல்லே அப்படித் திரிந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. கோப்பியில் தோய்த்துப் பசியாறுவதற்கும் மீன்கறிக்கும் அந்த ரொட்டி ஏற்றது.

எந்த மாவு?

மலேசியாவில் வணிக அளவில் கோதுமை விளைவதில்லை. இறக்குமதியாகும் கோதுமைதான் இங்கே அரைபடுகிறது. ரொட்டிக்கென்று விற்கப்படும் மாவில் புரதம் அதிகம். அந்தப் புரதம் தண்ணீரோடு சேர்ந்து ரப்பர் போன்ற பசையாகிறது. ஈஸ்ட் வெளிவிடும் வாயுவை இந்தப் பசைதான் பிடித்து வைக்கிறது. ரொட்டி உப்புவது அதனால்தான். மரவள்ளி மாவிலும் அரிசி மாவிலும் இந்தப் பசை இல்லை.

அரசின் உதவித்தொகை பெறும் பொதுப் பயன்பாட்டுக் கோதுமை மாவு, 1 கிலோ பொட்டலம் 1 வெள்ளி 35 காசு என்ற விலையில் விற்கப்பட்டு வந்துள்ளது. அந்தக் கணக்கில் அரை கிலோ மாவின் விலை 70 காசைத் தாண்டாது. இதில் புரதம் சற்றுக் குறைவு. எனவே தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, பிசைவதைக் கூட்டினால் போதும்.

அளவும் பக்குவமும்

இரண்டு சிறிய ரொட்டிக்கு: கோதுமை மாவு 500 கிராம், தண்ணீர் 280 முதல் 300 மில்லி லிட்டர், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒன்றரை தேக்கரண்டி, உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி.

எல்லாவற்றையும் சேர்த்துக் கையால் 10 முதல் 12 நிமிடம் பிசைய வேண்டும். சிறு துண்டை எடுத்து மெல்ல இழுத்தால் கிழியாமல் சவ்வுபோல் விரிவதுதான் பதம். சுடுதண்ணீர் கூடாது, 60 பாகை செல்சியஸ் சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும். குழாய்த் தண்ணீரே போதும்.

குளிர்நாட்டுச் செய்முறைகளில் சொல்லப்படும் நேரம் இங்கே பொருந்தாது. 30 பாகை வெப்பத்தில் மாவு 45 நிமிடத்திலேயே இரண்டு மடங்காகலாம். அதற்கு மேல் விட்டால் புளித்த வாடை அடிக்கும். சுடும்போது அமுங்கியும் போகும். அதனால் கடிகாரத்தைவிட மாவைப் பார்ப்பதே சரி. உப்பியதும் அழுத்தி வாயுவை நீக்கி, இரண்டாகப் பிரித்து, எண்ணெய் தடவிய டின்னில் வைத்து மீண்டும் அரை மணி நேரம் விட வேண்டும். விரலால் அழுத்திய குழி மெதுவாக மேலெழுந்தால் சுடலாம். ஓவன் உள்ளவர்கள் 190 பாகையில் 30 நிமிடம் சுடலாம்.

ஓவன் இல்லாத வீட்டில்

அடி கனத்த அலுமினிய அல்லது இரும்புப் பானையின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு தாங்கியை வைக்க வேண்டும். மூடி போட்டு 10 நிமிடம் சூடேற்றி, டின்னை உள்ளே இறக்கி, மிதமான தீயில் 40 முதல் 45 நிமிடம் வைக்க வேண்டும். டின் பானையின் பக்கங்களில் படக்கூடாது, தண்ணீரும் ஊற்றக்கூடாது. ஒட்டாத பூச்சுள்ள பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்தக்கூடாது. முதல் ரொட்டி வேகும்வரை இரண்டாவது டின் குளிர்பெட்டியில் இருக்கட்டும்.

இப்படிச் சுட்டால் மேற்பகுதி வெளிறியே இருக்கும். ரொட்டியைத் தோசைக்கல்லில் கவிழ்த்துச் சில நிமிடம் வைத்தால் சிவந்துவிடும். விறகடுப்பு என்றால் மூடியின் மேல் தணல் போடலாம். மலாய்க் குடும்பங்கள் பாஹுலு பலகாரத்தை மேலும் கீழும் தணல் வைத்துச் சுடும் அதே முறைதான் இது. ரொட்டியின் அடியைத் தட்டினால் வெற்றுப் பெட்டிபோல் ஒலிக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே வெந்திருக்கிறது.

விடியுமுன்னே பெரட்டுக்குப் போகிறவர்களுக்குக் காலையில் சுட நேரமிருக்காது. மாலையில் சுட்டு வைத்தால் மறுநாள் பசியாறலுக்கு ஆகும்.

சர்க்கரை நோய் உள்ள வீடுகளில்

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அது மிக அதிகம். வீட்டில் சுட்டது என்பதாலேயே வெள்ளை ரொட்டி சர்க்கரை நோய்க்கு நல்லதாகிவிடாது. கடையில் வாங்கினாலும் வீட்டில் சுட்டாலும் வெள்ளை மாவு இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். ஆனால் வீட்டில் என்ன சேர்க்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. பாதி மாவுக்கு ஆட்டா மாவு சேர்த்து, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் கூட்டினால் நார்ச்சத்து கூடும். சீனியை முழுவதுமாக விட்டுவிட்டாலும் ஈஸ்ட் வேலை செய்யும். அதற்கு வேண்டிய இனிப்பு மாவிலேயே உண்டு. எத்தனை துண்டு சாப்பிடலாம் என்பதைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்வது நல்லது.

எத்தனை நாள் இருக்கும்?

கெடாமல் காக்கும் பொருள் எதுவும் சேர்க்காததால், நம் ஈரப்பதத்தில் இரண்டு நாளுக்கு மேல் வெளியே வைத்தால் பூசணம் பிடிக்கும். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் விரைவில் விறைத்துப்போகும். நன்றாக ஆறிய பிறகு துண்டு போட்டு, உறைபெட்டியில் வைத்து, வேண்டிய துண்டுகளை மட்டும் எடுத்துத் தோசைக்கல்லில் வாட்டிக்கொள்ளலாம். சூட்டோடு வெட்டினால் உள்ளே களிபோல் ஒட்டும். ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.