சுடுகாட்டு மல்லியின் சரித்திரம்

கரிசல் காட்டில் வளர்ந்த நமக்கு நித்தியகல்யாணியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. "அட, நம்ம சுடுகாட்டு மல்லியா!" என்பீர்கள். ஆடு வாய் வைக்காது. மழை பொய்த்தாலும் பூக்கும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் யாரும் பெரிதாக மதிக்காத இச்செடிக்கு ஒரு பெரிய சரித்திரம் உண்டு.

இதன் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. பல நாடுகளில் சர்க்கரை வியாதிக்கு இதன் இலைக் கஷாயத்தைக் குடித்து வந்தார்கள். 1952-இல் ஜமைக்கா டாக்டர் ஒருவர் சில இலைகளைக் கனடாவுக்கு அனுப்பினார். ராபர்ட் நோபிள் என்ற விஞ்ஞானி அதன் சாற்றை எலிகளுக்குப் புகட்டிப் பார்த்தார், சர்க்கரை குறையவில்லை. ஊசியில் ஏற்றியபோதோ இரத்த வெள்ளணுக்கள் மளமளவென்று குறைந்தன. 'அப்படியானால் இது இரத்தப் புற்றுநோய்க்கு உதவுமே' என்ற எண்ணம் பிறந்தது. அவரும் சார்லஸ் பீரும் பிரித்தெடுத்த 'வின்பிளாஸ்டின்' 1958-இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. 1963-இல் அமெரிக்காவில் 'வின்கிரிஸ்டின்' மருந்தாக அங்கீகாரம் பெற்றது.

நுரையீரல் புற்றுநோய்க்கு வழி காட்டியது பிரான்ஸ். அங்கே பியேர் பொத்தியே குழுவினர் இச்செடியின் சத்துப்பொருள்களைக் கொண்டே, ஆய்வுக்கூடத்தில் சற்று மாற்றியமைத்து, 'வினோரெல்பின்' செய்தார்கள். பிரான்சில் 1989-லும் அமெரிக்காவில் 1994-லும் அது நுரையீரல் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்டது. புற்றுச் செல் இரண்டாகப் பிரிவதை இது தடுக்கிறது.

விருதுநகர், இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களில் இதை மானாவாரியாக விதைத்து, இலையையும் வேரையும் காயவைத்து ஏற்றுமதிக்கு அனுப்புகிறார்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பார்கள்.

இந்தக் கணக்கை நாம் ஊரில் உரக்கச் சொல்ல வேண்டும். "புத்துநோய்க்கு இந்த எலைய அவிச்சுக் குடி, சரியாப் போகும்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடக் கூடாது. ஒரு கைப்பிடி இலையில் மருந்தளவு கிடையாது. ஆனால் விஷம் உண்டு. இம்மருந்துகளை இரத்தப் பரிசோதனை செய்து, அளவு பார்த்தே டாக்டர்கள் கொடுக்கிறார்கள். எலியின் வெள்ளணுவைக் குறைத்த அதே குணம் மனிதனையும் சாய்த்துவிடும். கஷாயத்தை நம்பி வீட்டில் கழிக்கும் மாதங்களில் நோய் முற்றிவிடும்.

நாள்பட்ட இருமலோ, சளியில் இரத்தமோ கண்டால், பெரியாஸ்பத்திரிக்குக் கையோடு அழைத்துப் போவோம். படித்தவர்கள் ஊருக்குச் செய்யும் கைம்மாறு அதுவே.